நெட்வொர்க் கார்டு மாற்றிய பின் சர்வர் மந்தமா? செய்யக்கூடாத சில தவறுகள்

புதிய கார்டை மாட்டியாயிற்று, லிங்க் விளக்கு எரிகிறது, பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) ஒரு மில்லிசெகண்டுக்குள் திரும்புகிறது. ஃபைல் காப்பி மட்டும் ஆமை வேகம். உடனே டிரைவரை அழித்து மறுபடி போடுகிறவர்கள்தான் அதிகம். கொஞ்சம் பொறுங்கள்.

பிங் நன்றாக வருவதை வைத்து லைன் சரி என்று முடிவு கட்டாதீர்கள். அது நொடிக்கு ஒரு குட்டிப் பாக்கெட், அவ்வளவுதான். வேகத்தின் எண்ணையே பாருங்கள். காப்பி நொடிக்கு 11, 12 மெகாபைட்டில் அசையாமல் நின்றால் லிங்க் 100 மெகாபிட்டில் இருக்கிறது. ஜிகாபிட் என்றால் 110க்கு மேல் வர வேண்டும். கிலோபைட்டுக்கு விழுவதும் எழுவதுமாக இருந்தால் டூப்ளெக்ஸ் மேல் சந்தேகப்படலாம். ஃபுல் டூப்ளெக்ஸ் என்றால் இரு திசையிலும் ஒரே நேரத்தில் ஓடும், ஹாஃப் என்றால் ஒரு நேரத்தில் ஒரு திசைதான்.

பலரும் மாட்டிக்கொள்வது இந்த டூப்ளெக்ஸில்தான். என்றோ யாரோ சுவிட்ச் போர்ட்டையும் பழைய கார்டையும் 100 ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கையால் பூட்டியிருப்பார்கள். புதிய கார்டு ஆட்டோவில் வரும், அதாவது எதிர்முனையோடு பேசி வேகத்தையும் டூப்ளெக்ஸையும் தானே முடிவு செய்யும் ஆட்டோ நெகோஷியேஷனில். வேகம் 100 என்பதை அது சிக்னலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடும். டூப்ளெக்ஸை எதிர்முனை சொன்னால்தான் உண்டு. பூட்டிய போர்ட் வாய் திறக்காது. எனவே விதிப்படி கார்டு ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். சுவிட்ச் நினைத்த நேரத்தில் அனுப்ப, கார்டு அதை மோதல் என்று எடுத்துக்கொண்டு பாதியில் நிறுத்தும். கார்டு பக்கம் லேட் கொலிஷனும் (தாமதமாக வந்த மோதல்) சுவிட்ச் பக்கம் சிஆர்சி பிழையும் (சிதைந்து வந்த பாக்கெட்) ஏறும். ஆகவே இரண்டு பக்கக் கவுன்டர்களையும் பாருங்கள். கார்டு பக்கத்துக்கு லினக்ஸில் ஈத்டூல் (ethtool) கட்டளை போதும்.

இதற்கு மருந்தாகக் கார்டையும் பூட்டுவது இன்னொரு தவறு. இரண்டு முனையையும் ஆட்டோவில் விடுங்கள். செம்புக் கேபிளில் ஜிகாபிட் ஓட ஆட்டோ நெகோஷியேஷன் கட்டாயம்.

இரண்டும் ஆட்டோவில் இருந்தும் 100தான் காட்டுகிறதா? முதலில் கேபிளை மாற்றுங்கள். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். கார்டைக் கழற்றும்போது இழுபட்ட பழைய கேபிளில் ஒரு ஜோடி போயிருக்கலாம்.

அடுத்தது எம்டியு, அதாவது ஒரு பாக்கெட் எத்தனை பைட் வரை இருக்கலாம் என்ற அளவு. பழைய கார்டில் செய்து வைத்த அமைப்புகள் புதியதற்குத் தாமாக வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். அதற்காக ஆராயாமல் 9000 என்று போட்டுவிடவும் கூடாது. சுவிட்ச் 1500இலேயே இருந்தால் சின்னப் பாக்கெட் போகும், பெரியது சத்தமில்லாமல் காணாமல் போகும். லாகின் ஆகும், காப்பி உறைந்துவிடும். துண்டாக்கக் கூடாது என்ற ஆப்ஷனோடு 8972 பைட் (9000இல் ஹெடர்களுக்கு 28 போக மீதி) பிங் அனுப்பினால் உண்மை தெரிந்துவிடும். சில விண்டோஸ் டிரைவர்களில் 9014 என்று இருக்கும். பயப்பட வேண்டாம், ஈதர்நெட் ஹெடரின் 14 பைட்டையும் சேர்த்த கணக்கு அது.

10 ஜிகாபிட் கார்டு என்றால் அதைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டைக் கவனியுங்கள். பார்க்க எட்டு லேன் (டேட்டா ஓடும் பாதை) நீளம் இருக்கும், உள்ளே வயரிங் அதைவிடக் குறைவாக இருக்கலாம். இரண்டாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒரு லேன் சுமார் 4 ஜிகாபிட்தான் தரும். எத்தனை லேன் கிடைத்திருக்கிறது என்று லினக்ஸின் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளை காட்டும் லிங்க் ஸ்டேட்டஸ் வரியில் இருக்கும்.

ஆஃப்லோடு வசதிகளை (சிபியுவின் நெட்வொர்க் வேலைகளைக் கார்டே செய்வது) மொத்தமாக அணைக்கச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். அணைத்தால் அந்தச் சுமை சிபியு தலையில் ஏறும். அணைப்பதாக இருந்தால் ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள்.

அளப்பதற்கு ஃபைல் காப்பியை நம்பாதீர்கள், அதில் டிஸ்க்கும் கலந்திருக்கிறது. நெட்வொர்க் வேகத்தை மட்டும் அளக்கும் ஐபெர்ஃப்3 (iperf3) ஓட்டுங்கள். ஜிகாபிட் லிங்க்கில் 940 மெகாபிட் வந்துவிட்டால் கார்டை விட்டுவிட்டு, டிஸ்க்குகளை நிர்வகிக்கும் ரெய்டு கன்ட்ரோலரைப் பாருங்கள். கார்டு மாற்ற சர்வரை அணைத்திருப்பீர்கள் அல்லவா? அந்த இடைவெளியில் கன்ட்ரோலரின் கேஷ் பேட்டரி இறங்கியிருந்தால், அது சார்ஜ் ஆகும் வரை பல கன்ட்ரோலர்கள் ரைட் கேஷை (டிஸ்க்கில் எழுதும் முன் டேட்டாவைத் தற்காலிகமாக வைத்து வேகம் தரும் நினைவகம்) நிறுத்தி வைக்கும்.