கொரோனா கால பி.எஃப். முன்பணம்: வீட்டிலிருந்தே விண்ணப்பிப்பது எப்படி?

(எழுதியது: 2021 ஜூன். இந்த முன்பணத்தை 2024 ஜூனில் நிறுத்திவிட்டார்கள்; கீழே இருப்பது அப்போதைய நடைமுறை.)

ரேஷன் கடையில் கொடுத்த நிவாரணம் பல வீடுகளில் வாடகை பாக்கிக்கே போய்விட்டது. சம்பளத்தில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடிக்கிறவர்களுக்கு அப்போது இன்னொரு வழி இருந்தது. கொரோனா காரணத்துக்காக பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியை எடுக்க 2020 மார்ச்சில் விதி கொண்டுவந்தார்கள். இரண்டாம் முறையும் எடுக்கலாம் என்று 2021 மே 31 அன்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் சொல்லிவிட்டது. அதனால் 2020இல் எடுத்தவர்களும் மறுபடி எடுக்க முடிந்தது. இதைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கவில்லை. முதலாளி கையெழுத்தோ டாக்டர் சர்டிபிகேட்டோ கேட்கவில்லை.

எவ்வளவு கிடைத்தது? மூன்று மாத பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்ந்த தொகை, அல்லது கணக்கில் இருப்பதில் 75 சதவீதம்; எது குறைவோ அது. மாதத்துக்குப் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 15,000, இருப்பு 80,000 என்றால் 45,000 ரூபாய் வரை எடுக்க முடிந்தது. இருப்பு 40,000தான் என்றால் 30,000. பென்ஷனுக்குப் போகும் பங்கு இந்த இருப்பில் சேராது.

யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். உறுப்பினர் எண்) ஆக்டிவேட் ஆகி, ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றும் கே.ஒய்.சி.யில் (அடையாள விவரப் பதிவு) அப்ரூவ் ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

1. பி.எஃப். இணையதளத்தின் உறுப்பினர் போர்ட்டலில் லாகின் செய்து, 'ஆன்லைன் சர்வீசஸ்' மெனுவில் 'கிளைம்' பக்கத்தைத் திறக்கவும். அரசின் உமங் செயலியிலும் செய்யலாம். ஆனால் நான் பிரவுசரைத்தான் சொல்வேன். படத்தை ஏற்றும் இடத்தில் பெரிய திரை கைகொடுக்கும். போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் குரோமில் 'டெஸ்க்டாப் சைட்' போட்டுக்கொள்ளுங்கள்.

2. வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்து 'வெரிஃபை' செய்து, உறுதிமொழிக்கு 'யெஸ்' சொல்லி, ஆன்லைன் கிளைமுக்குத் தொடரவும்.

3. 'பி.எஃப். அட்வான்ஸ் ஃபார்ம் 31' தேர்ந்தெடுத்து, காரணத்தில் 'அவுட்பிரேக் ஆஃப் பாண்டமிக்' என்பதைப் போடவும். 'இல்னெஸ்' வேறு கணக்கு, அதைத் தொடாதீர்கள்.

4. தொகை, முகவரி, பிறகு காசோலைப் படம்.

என் தம்பியின் விண்ணப்பம் திரும்பி வந்தது இந்தப் படத்தால்தான். அவன் கணக்குக்கு வங்கியில் கொடுத்த செக் புக்கில் பெயர் அச்சாகவில்லை. கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி.யும் (வங்கிக் கிளைக் குறியீடு) தெளிவாகவே இருந்தன, பெயர் மட்டும் இல்லை. அது இல்லாவிட்டால் கணக்கு உங்களுடையதுதான் என்பதற்கு அந்தப் படத்தில் அத்தாட்சி இல்லை. பேனாவால் எழுதிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் பெயர், கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. மூன்றும் அச்சில் இருக்கும், அதை ஏற்றுங்கள். பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், பக்கம் முழுவதும் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். ஜேபெக் படமாக, 100 கே.பி.க்கு மேல் 500 கே.பி.க்குள் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கிய படம் பல நேரம் சுருங்கி, எழுத்து மங்கிவிடும். ஸ்கேனர் செயலியில் எடுத்து நேரடியாக ஏற்றுவதே நல்லது.

5. ஆதாரோடு இணைந்த மொபைலுக்கு ஓ.டி.பி. வரும். போட்டால் முடிந்தது.

கே.ஒய்.சி. சரியாக இருப்பவர்களின் கொரோனா கிளைமை மூன்று நாளில் முடிப்பதாக அறிவித்திருந்தார்கள். 'ட்ராக் கிளைம் ஸ்டேட்டஸ்' பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். திருப்பி அனுப்பினால் காரணமும் அங்கேயே இருக்கும், சரிசெய்து மறுபடி போடலாம். கமிஷனுக்கு முடித்துத் தருகிறேன் என்பவரிடம் பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். இது நீங்கள் உழைத்துச் சேர்த்த பணம். நல்ல வட்டி வருகிற இடம் (2020-21இல் 8.5 சதவீதம்) என்பதால், தேவைக்கு மேல் எடுக்கவும் வேண்டாம்.

பின்னூட்டங்களைப் பார்த்துச் சேர்த்தவை:

சிண்டிகேட் வங்கி, ஆந்திரா வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் பலர் சிக்கியிருக்கிறார்கள். 2020 ஏப்ரலில் சிண்டிகேட் கனரா வங்கியோடும் ஆந்திரா யூனியன் வங்கியோடும் இணைந்துவிட்டன. பழைய ஐ.எஃப்.எஸ்.சி. இன்னும் கே.ஒய்.சி.யில் கிடந்தால் முதலில் புதியதைச் சேருங்கள். அதன் பிறகு கிளைம்.

இனிஷியல் தொல்லை: ஆதாரில் இனிஷியல் பின்னால், பி.எஃப்.பில் முன்னால், அல்லது ஒன்றில் அப்பா பெயர் முழுசாக. பெயரைத் திருத்திவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

சில பெரிய நிறுவனங்கள் பி.எஃப். பணத்தைத் தங்கள் டிரஸ்டிலேயே வைத்திருக்கும். அங்கே வேலை செய்பவர்கள் அந்த டிரஸ்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

2024 ஜூன்: கொரோனா முன்பணத்தை இம்மாதம் நிறுத்திவிட்டார்கள். வீட்டில் பெரிய மருத்துவச் செலவு என்றால் இனி 'இல்னெஸ்' காரணம்தான். அப்போதைய (2024) விதிப்படி ஆறு மாத பேசிக்கும் டி.ஏ.வும், அல்லது வட்டியோடு உங்கள் பங்கு. எது குறைவோ அது கிடைக்கும். திரையில் காசோலைப் படம் கேட்டால் மேலே சொன்னபடியே ஏற்றுங்கள்.