பூட்டான் போறீங்களா, போன் விஷயத்த இங்கயே முடிச்சிட்டு கெளம்புங்க

தர்மபுரிலேருந்து நாங்க ஒம்போது பேரு பூட்டான் போயிட்டு வந்தோம், வந்த நாள்லேருந்து எல்லாரும் கேக்கறது அங்க போன் எடுக்குமா, வீட்டுக்கு எப்படி பேசுனீங்கன்னு தான். தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, மொத்தமா எழுதிடறேன்.

நம்ம சிம்முக்கு இன்டர்நேஷனல் ரோமிங்க ஊர்லயே ஆன் பண்ணிட்டு போங்க. பேசறதுக்கு இல்ல, பேங்க் ஓடிபி வர்றதுக்கு. டேட்டா ரோமிங் மட்டும் ஆஃப்ல இருக்கட்டும். எங்க மாமா பூட்டான் சிம் போடறேன்னு நம்ம சிம்ம கழட்டி பர்ஸுல வச்சிட்டாரு, ஓடிபி வராம கார்டு எதுவும் ஓடல, மூணு நாள் என்கிட்ட கைமாத்து வாங்கி டீ குடிச்சாரு. ரெண்டு சிம் போடற போனா இருந்தா தொல்லையே இல்ல. புது சிம் போட்டதும் வாட்ஸ்அப் நம்பர மாத்தவான்னு கேட்டா வேணாம்னு குடுங்க, பழைய நம்பர்லயே ஓடும்.

மேற்கு வங்காளத்துல ஹாசிமாரா ஸ்டேஷன்ல எறங்கி நம்ம பார்டர் ஊரு ஜெய்கான் வந்தா, கேட்டுக்கு அந்தப் பக்கம் பூட்டான் ஊரு புன்ட்ஷோலிங். ஆதார் காட்டி உள்ள போக முடியாது, பாஸ்போர்ட் இல்லன்னா வோட்டர் ஐடி வேணும், சிம் வாங்கறப்பவும் அதையும் பூட்டான் உள்ள போக குடுக்கற பர்மிட்டையும் கையில வச்சுக்கோங்க. இருக்கறது ரெண்டே கம்பெனி தான், 2003ல வந்த பி-மொபைல், 2008ல வந்த தாஷிசெல். நம்பர் 17ல ஆரம்பிச்சா மொதல் கம்பெனி, 77ன்னா ரெண்டாவது. எது நல்லதுன்னு மண்டைய ஒடச்சுக்காதீங்க, கும்பலா போனா பாதி பேரு இதுல பாதி பேரு அதுல வாங்கிடுங்க, ஒண்ணு இல்லாத எடத்துல இன்னொண்ணு இருந்தா ஹாட்ஸ்பாட் போட்டுக்கலாம்.

பார்டர்ல ஒரு கூத்து நடக்கும். ஓசூர்க்காரங்களுக்கு இது புதுசில்ல, அந்தக் காலத்துல வீட்டுக்குள்ள உக்காந்திருக்கும்போதே கர்நாடகா டவர புடிச்சு ரோமிங் காசு போயிருமே, அதே கதை. புன்ட்ஷோலிங்ல ரூம்ல இருப்பீங்க, போன் ஜெய்கான் டவர புடிச்சிருக்கும், பூட்டான் நேரம் நம்மள விட அரை மணி முன்னாடி வேற, கடிகாரம் முன்ன பின்ன குதிக்கும். டிரைவர் 7 மணிக்கு வரச்சொன்னாரு, அவரு வந்து நின்னப்ப எங்கள்ல பாதி பேரு போன்ல 6:30 தான், ஒருத்தன் அப்பதான் குளிக்கவே போனான். அதனால செட்டிங்ஸ்ல நெட்வொர்க்க நீங்களே செலக்ட் பண்ணுங்க, நேரத்தையும் பூட்டான் தலைநகர் திம்புன்னு வச்சிடுங்க.

மலை ஏறுனப்பறம் கணக்கே வேற. எங்க தர்மபுரி பக்கம் வத்தல்மலை போனவங்களுக்கு தெரியும், டவர் இருக்கற பக்கம் தெறந்த எடத்துல நின்னா பேசலாம், ஒரு பாறைக்கு பின்னாடி போனா அவ்ளோதான். பூட்டான்ல ரோடு பாதி ஆத்து ஓரமா பள்ளத்துலயே போகுது, ஒரு வளைவுல ஃபுல் சிக்னல், அடுத்ததுல ஒண்ணுமில்ல. ஊர விட்டு கெளம்பறதுக்கு முன்னாடியே வீட்டுக்கு பேசிடுங்க, மேப்ப டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க, நடுவுல ஏரோபிளேன் மோடு போடுங்க, இல்லன்னா டவர தேடி தேடியே சார்ஜ் காலியாயிரும்.

ரேடியோவுக்கும் இதே மலை தான் எதிரி. எஃப்எம் நேர்க்கோட்டுல போறது, மலை மறிச்சா நின்னுரும், சிற்றலை (ஷார்ட்வேவ்) மேல போயி வானத்துல பட்டு திரும்பி எறங்கும். பூட்டான்ல 1973ல ரேடியோ ஆரம்பிச்சவங்க சிற்றலையிலயே ஓட்டுனாங்க, 2000 வரைக்கும் எஃப்எம்முக்கு வரல. டிவியும் இன்டர்நெட்டும் 1999 ஜூன்ல தான், நம்ம ஊர்ல வீட்டுக்கு வீடு கேபிள் வந்தப்ப அங்க டிவிக்கு தடை! 1998 ஃபுட்பால் வேர்ல்ட் கப் ஃபைனல திம்புல பெரிய ஸ்கிரீன் கட்டி காட்டுனாங்களாம். பழைய வயர் இயர்போன் ஒண்ணு எடுத்துட்டு போங்க, அந்த வயரு தான் போன் எஃப்எம்முக்கு ஆன்டெனா, ப்ளூடூத்துல அது நடக்காது. பூட்டானோட பிபிஎஸ் (BBS) ரேடியோவுல அங்க பேசற ஜோங்கா, நேபாளி, ஷார்ச்சோப் மொழிங்களோட இங்கிலீஷும் உண்டு.

வீட்டுல இருக்கறவங்க கூப்பிடணும்னா 00975 போட்டு உங்க பூட்டான் சிம்மோட எட்டு நம்பர், ஆனா ஐஎஸ்டி காசு தீட்டிரும், வாட்ஸ்அப்பே போதும். பூட்டான்ல ஆம்புலன்ஸ் 112, போலீஸ் 113, இத பேப்பர்ல எழுதி சட்டைப் பையில வைங்க, போன்ல இல்ல.