அசைன்மென்ட் கேள்வியை எடுத்ததும் சூத்திரத்துக்குப் போகாதீர்கள்

கல்லூரி அசைன்மென்ட்டில் மதிப்பெண் போவது பெரும்பாலும் கணக்குப் போடும்போது அல்ல, அதற்கு முன்பே. கேள்வி வெளிப்படையாகச் சொல்லாத ஒரு விஷயத்தை மாணவர் யோசிக்காமலே தீர்மானித்துவிடுகிறார். எந்தத் திசை நேர்குறி, சதவீதம் எதன்மேல், எந்தத் தேதியிலிருந்து, சோதனை ஒருபக்கமா இருபக்கமா என்பதெல்லாம் அப்படிப்பட்டவை. அவற்றை விடையின் முதல் இரண்டு வரியில் எழுதிவிட்டால், பின்னால் கூட்டல் பிசகினாலும் ஸ்டெப் மார்க் பெரும்பாலும் தப்பும். எழுதாமல் விட்டால், சரியான விடைகூடத் தற்செயலாக வந்ததுபோல் தெரியும்.

எந்தப் பாடமானாலும் ரஃப் தாளில் மூன்று வரி எழுதுங்கள். கொடுக்கப்பட்டவை (அலகோடு), கேட்கப்பட்டது (அலகோடு), நான் எடுத்துக்கொள்வது. மூன்றாவது வரிதான் முக்கியம். கணக்கு முடிந்ததும் அதே விடையை வேறு வழியில் ஒருமுறை வரவழைத்துப் பாருங்கள். போட்ட வழியிலேயே மறுபடி போட்டுப் பார்த்தால், முதலில் செய்த பிழையையே இரண்டாம் முறையும் செய்வீர்கள்.

இயற்பியல்: குறியை முதலில் எழுதுங்கள்

20 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு பந்து வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் செங்குத்தாக மேலே எறியப்படுகிறது. தரையைத் தொட எவ்வளவு நேரம் ஆகும்?

மேல்நோக்கிய திசை நேர்குறி என்று முதலில் எழுதுங்கள். அப்படியானால் தொடக்க வேகம் +15, முடுக்கம் −9.8, இடப்பெயர்ச்சி −20. பலர் தவறுவது இந்தக் கடைசி எண்ணில்தான். பந்து எவ்வளவு தூரம் பயணித்தது என்பது இங்கே பொருட்டல்ல. தொடங்கிய புள்ளியிலிருந்து முடிவில் எங்கே இருக்கிறது என்பதே இடப்பெயர்ச்சி.

−20 = 15 × நேரம் − 4.9 × நேரம்²

இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் 4.065 வினாடி, −1.004 வினாடி என்று இரண்டு விடை வரும். எதிர்குறி விடையைச் சும்மா அடித்துவிடாமல், 'எறிவதற்கு முந்தைய நேரம் என்பதால் பொருந்தாது' என்று ஒரு வரி எழுதுங்கள்.

இடப்பெயர்ச்சியை +20 என்று போட்டவருக்கு வர்க்கமூலத்துக்குள் 225 − 392 வந்து நிற்கும், எதிர்குறி எண். கால்குலேட்டர் பிழை காட்டுவதற்கு அதுதான் காரணம். அந்தச் சமன்பாடு 'பந்து உச்சிக்கு மேல் 20 மீட்டரை எப்போது தொடும்' என்று கேட்கிறது. பந்து உச்சிக்கு மேல் 11.48 மீட்டர்தான் ஏறும், ஆகவே எப்போதும் தொடாது. கணிதம் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது.

இனி வேறு வழி. மேலே ஏற 15 ÷ 9.8 = 1.531 வினாடி. அங்கிருந்து தரை 31.48 மீட்டர் கீழே. ஓய்விலிருந்து விழ 2.535 வினாடி. கூட்டினால் 4.066. கடைசி இலக்க வேறுபாடு முழுமையாக்கியதால் வந்தது. கேள்வியில் இரண்டு பொருளுறு இலக்கங்களே இருப்பதால் இறுதி விடை 4.1 வினாடி. இடைப்படிகளில் முழுமையாக்காதீர்கள், கடைசியில் ஒருமுறை போதும்.

புள்ளியியல்: ஒரு சொல் மாறினால் முடிவே மாறும்

ஒரு வகுப்பில் 10 மாணவர்களைக் கூறாக (மாதிரியாக) எடுத்தார்கள். சராசரி மதிப்பெண் 52, கூறின் திட்டவிலக்கம் 6. பல்கலைக்கழகச் சராசரியான 48-லிருந்து இது வேறுபடுகிறதா? 5 சதவீத மட்டத்தில் சோதிக்கவும்.

திட்டப்பிழை: 6-ஐ 10-ன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 1.897. சோதனை மதிப்பு: 4 ÷ 1.897 = 2.108. இதுவரை யாரும் தவறுவதில்லை. அடுத்து எந்த அட்டவணையைத் திறக்கிறீர்கள் என்பதில்தான் விடை இருக்கிறது.

கேள்வியில் இருப்பது 'வேறுபடுகிறதா'. எனவே இருபக்கச் சோதனை. முழுமைத்தொகுதியின் (இங்கே முழு வகுப்பின்) திட்டவிலக்கம் தெரியாது, கூறும் சிறியது. எனவே டி-அட்டவணை, டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் (கூறின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 9, எல்லை மதிப்பு 2.262. நம்முடைய 2.108 அதைத் தாண்டவில்லை. இன்மை எடுகோளை ('வேறுபாடு இல்லை' என்ற தொடக்க அனுமானத்தை) நிராகரிக்க முடியாது.

பழக்கதோஷத்தில் 1.96 என்று இசட் மதிப்பை எடுத்தவர் நிராகரித்திருப்பார். கேள்வி 'அதிகமாக இருக்கிறதா' என்றிருந்தால் ஒருபக்கச் சோதனை, எல்லை 1.833, அப்போது நிராகரிப்பதே சரி. ஒரே தரவு, ஒரே 2.108. அதனால்தான் கேள்வியின் வினைச்சொல்லை அடிக்கோடிடச் சொல்வது. தரவைப் பார்த்துவிட்டு, நிராகரிக்கத் தோதான பக்கத்தைப் பிறகு தேர்ந்தெடுப்பது மட்டும் கூடாது. ப்ராஜெக்ட் வைவாவில் முதலில் மாட்டுவது அதுதான்.

வேறு வழியில் பார்க்க 95 சதவீத நம்பிக்கை இடைவெளி போடுங்கள். 52-லிருந்து இரு பக்கமும் 2.262 × 1.897 = 4.29. அதாவது 47.71 முதல் 56.29 வரை. 48 அதற்குள் இருக்கிறது, முடிவு ஒத்துப்போகிறது.

முடிவுரை வாக்கியத்திலும் ஒரு மதிப்பெண் இருக்கிறது. 'இன்மை எடுகோள் உண்மை என நிரூபிக்கப்பட்டது' என்று எழுதினால் பேனா சுழிக்கும். 'வகுப்பின் சராசரி 48-லிருந்து வேறுபடுகிறது என்று சொல்ல இந்தக் கூறில் போதிய சான்று இல்லை' என்பதே எழுத வேண்டியது. பத்துப் பேரை வைத்துக்கொண்டு அதற்கு மேல் சொல்லவும் முடியாது.

திட்டவிலக்கத்தை நீங்களே கணக்கிட வேண்டியிருந்தால் கால்குலேட்டரில் கவனம் தேவை. அதில் இரண்டு திட்டவிலக்கங்கள் இருக்கும்: ஒன்று மொத்த எண்ணிக்கையால் வகுப்பது, மற்றது ஒன்று குறைத்து வகுப்பது. கூறு என்றால் இரண்டாவது.

பொருளியல்: சதவீதம் எதன்மேல்?

விலை 20 ரூபாயிலிருந்து 25 ஆனபோது தேவை 100-லிருந்து 80 ஆகக் குறைந்தது. நெகிழ்ச்சி (விலை ஒரு சதவீதம் மாறினால் தேவை எத்தனை சதவீதம் மாறும் என்பது) என்ன?

தொடக்கப் புள்ளியை அடிப்படையாக எடுத்தால் விலை 25 சதவீதம் ஏற்றம், தேவை 20 சதவீதம் இறக்கம், நெகிழ்ச்சி −0.8. அதே கோட்டில் 25-லிருந்து 20-க்கு இறங்கினால் −1.25. ஒன்று நெகிழ்ச்சியற்றது என்கிறது, மற்றது நெகிழ்ச்சியுள்ளது என்கிறது. இந்தச் சிக்கலுக்குத்தான் நடுப்புள்ளி முறை: 20-ஐ 90-ஆல் வகுத்து, 5-ஐ 22.5-ஆல் வகுத்தால் இரண்டும் 22.2 சதவீதம், நெகிழ்ச்சி −1. மொத்த வருவாயைப் பாருங்கள். 20 × 100-ம் 2,000, 25 × 80-ம் 2,000. வருவாய் மாறவில்லை என்பது நெகிழ்ச்சி ஒன்று என்பதோடு பொருந்துகிறது. கேள்வி முறையைக் குறிப்பிடவில்லை என்றால், எந்த முறையில் போட்டீர்கள் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

கணக்குப் பதிவியல்: தேதிதான் பொறி

அக்டோபர் 1 அன்று 2,00,000 ரூபாய்க்கு இயந்திரம் வாங்கப்பட்டது. நிறுவுகைச் செலவு 10,000. ஆயுள் 5 ஆண்டு, இறுதி மதிப்பு 10,000. கணக்காண்டு மார்ச் 31-ல் முடிகிறது. நேர்கோட்டு முறையில் தேய்மானம் காண்க.

அடக்கவிலை 2,10,000. இயந்திரம் ஓடத் தயாராகும்வரை ஆகும் செலவெல்லாம் அதில் சேரும். ஓட ஆரம்பித்த பிறகு வரும் வழக்கமான பழுதுச் செலவு சேராது. இறுதி மதிப்பைக் கழித்து ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 40,000. முதல் ஆண்டு ஆறு மாதம்தான், எனவே 20,000. அடுத்த நான்கு ஆண்டுகள் முழுதாக 40,000. பலர் இங்கேயே கோடு கிழித்து முடித்துவிடுவார்கள், அப்போது மீதி 30,000 நிற்கும். ஆறாவது கணக்காண்டில் மிச்ச ஆறு மாதத்துக்கு இன்னொரு 20,000 எழுதினால்தான் 10,000-ல் வந்து முடியும். கடைசி மீதி இறுதி மதிப்போடு ஒத்துப்போகிறதா என்பதே இந்தக் கணக்கின் சோதனை.

அதே இயந்திரத்தைக் குறைந்து செல் மதிப்பு முறையில் (ஒவ்வோர் ஆண்டும் மிச்சமுள்ள மதிப்பின்மேல்) 20 சதவீதம் போடச் சொன்னால், அடக்கவிலையிலிருந்து இறுதி மதிப்பைக் கழிக்கக் கூடாது. முதல் ஆண்டு 2,10,000-ல் 20 சதவீதத்தில் பாதி, 21,000. இரண்டாம் ஆண்டு மிச்சமுள்ள 1,89,000-ன் மேல் 37,800.

வருமான வரித் தாளில் இதே கேள்வி வந்தால் விதி வேறு. மாதக் கணக்கு அங்கே கிடையாது. சொத்து 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் பாதி விகிதம், இல்லையென்றால் முழு விகிதம். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை 182 நாள். வாங்கிய அன்றே பயன்பாட்டுக்கு வந்திருந்தால் முழு விகிதம் கிடைக்கும். கேள்வி தயாரிப்பவர்கள் இந்தத் தேதியை விரும்புவதில் ஆச்சரியமில்லை.

வேதியியல்: அடர்த்தியை விடாதீர்கள்

37 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து (அடர்த்தி 1.18) 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) கரைசல் 250 மி.லி. தயாரிக்க எவ்வளவு அமிலம் வேண்டும்?

37 சதவீதம் என்பது எடைக்கு எடை. 100 கிராமில் 37 கிராம், 100 மி.லி.யில் அல்ல. ஒரு லிட்டர் அமிலத்தின் எடை 1,180 கிராம், அதில் 436.6 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு. மூலக்கூறு எடை 36.46-ஆல் வகுத்தால் 11.97 மோலார். தேவை 25 மில்லிமோல். 25 ÷ 11.97 = 2.09 மி.லி. அடர்த்தியை விட்டவருக்கு 2.46 வரும், கரைசலின் செறிவு 0.118 ஆகிவிடும்.

செய்முறையை எழுதும்போது '250 மி.லி. தண்ணீரில் 2.09 மி.லி. சேர்க்கவும்' என்று எழுதாதீர்கள், மொத்தக் கனஅளவு 250-ஐத் தாண்டிவிடும். 250 மி.லி. ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்க்கில் சுமார் 100 மி.லி. வாலைவடிநீர் எடுத்து, புகைப்பெட்டிக்குள் வைத்து அமிலத்தைத் தண்ணீரில் சேர்த்து, குறிவரை நிரப்ப வேண்டும். அடர் அமிலத்தின் செறிவு துல்லியமாக நிலைத்திருப்பதில்லை என்பதால், நீரற்ற சோடியம் கார்பனேட்டுக்கு எதிராக மெத்தில் ஆரஞ்சு வைத்துத் தரப்படுத்த வேண்டும் என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.

இன்னொரு பழைய பொறி: செறிவு 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஹெச் என்ன? 8 என்று எழுதினால், அமிலம் காரமாகிவிட்டது என்று பொருள். அவ்வளவு நீர்த்த நிலையில் தண்ணீரே தரும் ஹைட்ரஜன் அயனிகளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும், விடை 6.98.

வரலாறு: கேள்வியில் உள்ள 'மட்டுமே'

'1806 வேலூர்ப் புரட்சிக்குப் புதிய உடை விதிகள் மட்டுமே காரணம் – ஆராய்க.' இதற்கு ஜூலை 10 அன்று நடந்ததை வரிசையாக எழுதிக்கொண்டு போனால் பாதி மதிப்பெண்கூடத் தேறாது. 'விவரி' என்றால் நடந்ததைச் சொல்லலாம். 'ஆராய்க' என்றால் அந்த 'மட்டுமே' சரியா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ரஃப் தாளில் நடுவே கோடு போட்டு, சாதகம், எதிர் என்று இரண்டாகப் பிரியுங்கள். உடை விதிகளுக்குச் சாதகமாக: தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகை, நெற்றிக் குறிகளுக்கும் தாடிக்கும் தடை, எதிர்த்த சிப்பாய்களுக்குக் கிடைத்த தண்டனை, புரட்சிக்குப் பிறகு அந்த விதிகள் கைவிடப்பட்டது. எதிராக: 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அவர் குடும்பம் வேலூர்க் கோட்டையிலேயே வைக்கப்பட்டிருந்தது, கோட்டையில் மைசூர்க் கொடி ஏற்றப்பட்டது, புரட்சிக்குப் பிறகு திப்புவின் மகன்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. இப்போது உடனடிக் காரணம் எது, அடியில் கிடந்த காரணம் எது என்று பிரித்து உங்கள் நிலைப்பாட்டை முதல் பத்தியிலேயே ஒரு வாக்கியத்தில் வையுங்கள். ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் படை அதிகாரி கில்லெஸ்பி வந்து அன்றே அடக்கியதற்கு ஒரு வரி போதும். கேள்வி காரணத்தைத்தான் கேட்கிறது. சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் திரும்ப அழைக்கப்பட்டது விளைவு, அதையும் காரணத்தோடு கலக்காதீர்கள்.

நிரல் எழுதும் கேள்வி

கொடுத்த மாதிரி உள்ளீட்டுக்கு விடை வந்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள். பட்டியலில் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் நிரலில் தொடக்க மதிப்பாக 0 வைத்தால், எல்லா எண்ணும் எதிர்குறியாக இருக்கும்போது 0 என்று பொய் சொல்லும். பட்டியலின் முதல் எண்ணையே தொடக்கமாக வையுங்கள். சி மொழியில் 7-ஐ 2-ஆல் வகுத்தால், இரண்டும் முழு எண் என்பதால் 3 தான் வரும். சராசரி தப்புவது பெரும்பாலும் இதனால்தான். காலிப் பட்டியல், ஒரே ஒரு எண், எல்லாம் சமம், எல்லாம் எதிர்குறி ஆகிய நான்கையும் கையால் ஓட்டிப் பார்த்து, அந்த அட்டவணையையும் விடையோடு இணையுங்கள்.

எந்தப் பாடத்திலாவது நடுவில் சிக்கி நின்றால், வந்தவரை எழுதி, 'இந்த மதிப்பு கிடைத்தால் அடுத்து இந்தச் சமன்பாட்டில் இட வேண்டும்' என்று வழியைச் சொல்லி நிறுத்துங்கள். விடைப்பகுதியிலிருந்து எண்ணை மட்டும் எடுத்து ஒட்டினால் மேலே உள்ள படிகளோடு அது பொருந்தாது, திருத்துபவருக்கு உடனே தெரிந்துவிடும். ஆசிரியரிடம் கேட்கப் போகும்போதும் 'இந்தக் கணக்கு புரியல சார்' என்று போகாமல், நீங்கள் எழுதிய மூன்று வரியையும் சிக்கிய படியையும் காட்டுங்கள்.