வளர்ந்த பிறகு நீச்சல் பழகுபவர்களுக்கு: முதல் பாடம் மூச்சு விடுவது

வளர்ந்தவர்கள் நீச்சல் பழக இறங்கியதும் கையை எப்படிப் போடுவது, காலை எப்படி அடிப்பது என்றுதான் கேட்பார்கள். அதெல்லாம் பிறகு. பத்து மீட்டர் போவதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறவர்களைக் கவனித்தால், பெரும்பாலும் கோளாறு மூச்சில்தான் இருக்கும். முகம் தண்ணீருக்குள் போனதும் தம் பிடித்துக்கொள்கிறார்கள். நுரையீரலில் பழைய காற்று அப்படியே நிற்கிறது. தலையைத் திருப்பும் அரை நொடியில் அதை வெளியே தள்ளி, புதுக் காற்றையும் இழுக்க நேரம் போதாது. நாலாவது மூச்சில் தவிப்பு வந்துவிடும்.

அந்தத் தவிப்பு ஆக்சிஜன் தீர்ந்ததால் வருவதல்ல. உடலில் கார்பன் டை ஆக்சைடு சேர்வதுதான் 'மூச்சு விடு, மூச்சு விடு' என்று மூளையை நச்சரிக்கிறது. அதனால் தண்ணீருக்குள் மூச்சை விடப் பழகிவிட்டால் பயமும் பாதி போய்விடும்.

இறங்குவதற்கு முன்

மார்பளவு தண்ணீர் போதும். நிலைக்காத ஆழத்தின் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். நீரின் வெப்பம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருந்தால் நல்லது. தொடக்கத்தில் நீந்துவதைவிட நின்று பழகும் நேரமே அதிகம் என்பதால், குளிர்ந்த நீரில் சீக்கிரம் நடுக்கம் வரும்; நடுங்கும் உடல் தளராது. வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு மணி நேரம் கிடப்பதைவிட, மூன்று நாள் முப்பது நிமிடம் பழகுவது பலன் தரும். தனியாக இறங்காதீர்கள், கரையில் நீந்தத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும்.

நீச்சல் கண்ணாடியை வாங்கும்போது பட்டையை மாட்டாமல் கண்ணில் வைத்து லேசாக அழுத்துங்கள். கையை எடுத்த பிறகும் இரண்டு நொடி ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்தும். உடனே விழுந்தால் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் தண்ணீர் கசியும், கண்ணைச் சுற்றி வலியும் வரும். உட்பக்கத்தை விரலால் தேய்த்தால் பனி படியாமல் தடுக்கும் பூச்சு போய்விடும்.

குமிழி விடுவது

சுவரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாயால் சாதாரணமாக ஒரு மூச்சு இழுங்கள். நெஞ்சு வெடிக்கும் அளவுக்கு நிரப்ப வேண்டாம். வாயை மூடி, மூக்கு மூழ்கும் வரை முகத்தை இறக்கி 'ம்ம்ம்' என்று முனகுங்கள். முனகும்போது காற்று மூக்கு வழியாக வெளியே வந்துகொண்டே இருக்கும். காற்று வரும் வழியில் தண்ணீர் ஏறாது. மூக்கைக் கையால் பொத்திக்கொள்ளும் பழக்கத்தை நிறுத்த இதைவிட எளிய வழி கிடையாது.

அடுத்து முகம் முழுவதும் உள்ளே. மூன்று நொடி விடுங்கள், மேலே வந்து ஒரு நொடியில் வாயால் இழுங்கள், மறுபடி உள்ளே. இப்படி இருபது முறை, இடையில் முகத்தைத் துடைக்காமல். துடைக்கக் கை தானாகப் போகும், போகவிடாதீர்கள். நீந்தும்போது அந்தக் கைக்கு வேறு வேலை இருக்கிறது.

குமிழியைக் கவனித்தால் தப்பு எங்கே என்று தெரியும். சீராக வந்துகொண்டே இருந்தால் சரி. கடைசியில் 'புஸ்' என்று மொத்தமாக வந்தால் அதுவரை தம் பிடித்திருக்கிறீர்கள். மேலே வந்த பிறகு 'ஊப்' என்று ஊதினால், உள்ளே விட வேண்டியதை வெளியே விடுகிறீர்கள். மூக்கில் சுரீர் என்று எரிந்தால், மேலே வரும்போது மூக்கால் இழுத்திருக்கிறீர்கள். உள்ளே இழுப்பது எப்போதும் வாயால் மட்டுமே.

இருபது முறை அலுப்பில்லாமல் வரும் வரை அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டாம். பலரும் இதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுக் கைவீச்சுக்குத் தாவுகிறார்கள். ஆறு மாதம் கழித்தும் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு நீந்துவது அவர்கள்தான்.

மிதப்பதும், மிதந்த நிலையிலிருந்து எழுவதும்

மூச்சை இழுத்து, முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, முகத்தை நீரில் வைத்துச் சும்மா இருங்கள். கொஞ்சம் அமிழ்ந்து, பிறகு முதுகு மேலே வரும். நுரையீரல் நிறையக் காற்றிருந்தால் பெரும்பாலானவர்களின் உடல் நீரைவிடச் சற்றே லேசானது. அப்படியே மூச்சை முழுக்க விட்டுப் பாருங்கள், இறங்குவீர்கள். காற்றால் உடல் ஏறுவதும் இறங்குவதும் ஒருமுறை புரிந்துவிட்டால், தண்ணீர் நம்மை இழுக்கிறது என்ற எண்ணம் போய்விடும்.

பிறகு கைகால்களை நீட்டிக் குப்புற மிதங்கள். கால் இறங்கினால் கவலை வேண்டாம். காற்று நெஞ்சில் இருக்கிறது, கனம் இடுப்புக்குக் கீழே இருக்கிறது. ஒல்லியாகவும் தசைக்கட்டோடும் இருப்பவர்களுக்குக் கால் இன்னும் வேகமாக இறங்கும். பார்வை நேர் கீழே, தரையில் இருக்கட்டும். தலையின் எடை ஏறத்தாழ ஐந்து கிலோ. அதை நிமிர்த்தினால் மறுமுனையில் கால் தாழும். கடப்பாரை நீச்சல் என்று கேலி செய்யப்படுகிறவர்களில் பலருக்குத் தலையை இறக்கினாலே கால் மேலே வந்துவிடும்.

எழுந்து நிற்பதைப் பலர் சொல்லித் தருவதில்லை. ஆனால் பழகுபவரின் பயம் அங்கேதான் இருக்கிறது: 'மிதந்துவிட்டேன், எப்படி நிற்பது?' தலையைத் தூக்கி எழப் பார்த்தால் கால் பின்னாலேயே கிடக்கும், வாயில் தண்ணீர் போகும். முதலில் இரண்டு முழங்கால்களையும் வயிற்றுக்கு இழுங்கள். நீட்டிய கைகளால் தண்ணீரைக் கீழ்நோக்கித் தொடை வரை அழுத்துங்கள். உடல் நிமிரும். பாதம் இரண்டும் தரையில் பட்ட பிறகுதான் தலையை வெளியே எடுக்க வேண்டும். இதைப் பத்துப் பதினைந்து முறை செய்துவிட்டால் போதும்.

மல்லாந்து மிதக்கும்போது காது நீருக்குள் போக வேண்டும். காதை வெளியே வைக்கப் பார்த்தால் கழுத்து விறைத்து இடுப்பு மடங்கும். முகவாயைச் சற்று உயர்த்தி, வயிற்றை மேலே தள்ளுங்கள். கைகளைத் தலைக்கு மேல் நீட்டினால் கனம் அந்தப் பக்கம் போய்க் கால் கொஞ்சம் உயரும்.

கால், கை, திரும்பி மூச்சு

சுவரை உதைத்து, கைகளை நீட்டி, அசையாமல் வழுக்கிப் போங்கள். நாலைந்து மீட்டர் போனால் உடல் நேராக இருக்கிறது என்று பொருள். பிறகு கால் உதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உதை இடுப்பிலிருந்து வர வேண்டும், முழங்கால் லேசாக மடங்கினால் போதும், கணுக்கால் தளர்ந்து பாதம் பின்னோக்கி நீண்டிருக்க வேண்டும். ஓட்டக்காரர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் கணுக்கால் இறுகியிருப்பதால், எவ்வளவு உதைத்தாலும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள்; சிலர் பின்னால்கூடப் போவார்கள். கரையில் உட்கார்ந்து பாதத்தை நீட்டிப் பழகினால் மெல்லச் சரியாகும். தண்ணீர் தெறிக்கும் சத்தம் வேகத்தைக் காட்டாது.

கைக்குச் சொல்ல வேண்டியது குறைவு: தோளுக்கு நேரே முன்னால் நுழையட்டும், நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகக் கூடாது, தொடை வரை தள்ளி முடியட்டும்.

மூச்சுக்குத் தலையைத் தூக்கக் கூடாது. உடலோடு சேர்த்துத் திருப்ப வேண்டும். நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கம் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். நகரும் தலைக்குப் பக்கத்தில் நீர்மட்டம் சற்றுத் தாழ்ந்து ஒரு பள்ளம் உண்டாகும். வாய் அங்கே வந்தால் போதும். திரும்புவதற்குள் மூச்சை விட்டு முடித்திருக்க வேண்டும். இங்கே வழக்கமான தப்பு, முன்னால் நீட்டிய கையைக் கீழே அழுத்தி அதன்மேல் ஊன்றி எழுவது. தாங்கிய கை இறங்கிவிடும், வாய்க்குள் தண்ணீர் வரும், புரை ஏறும். அந்தக் கை நீண்டு கிடக்கட்டும். ஒருக்களித்துக் காலை மட்டும் அடித்துப் பழகினால் சரியாகும். தொடக்கத்தில் இரண்டு கைவீச்சுக்கு ஒரு மூச்சு, ஒரே பக்கம். மூன்றுக்கு ஒன்று என்று இரு பக்கமும் எடுப்பது பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆழத்துக்குப் போவதற்கு முன்

இரண்டு நிமிடம் நிலைநீச்சல் (தலை வெளியே இருக்க, நிமிர்ந்தபடி ஒரே இடத்தில் கைகால் அசைத்து மிதப்பது), அப்படியே மல்லாந்து ஒரு நிமிடம் மிதப்பு, பிறகு குப்புறத் திரும்பி 25 மீட்டர்: மூன்றும் நிற்காமல் வந்தால் நிலைக்காத ஆழத்தில், ஆள் பார்வையில், இறங்கலாம். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் மல்லாந்து மிதந்தபடி முழங்காலை நீட்டி, கால்விரல்களை உங்கள் பக்கம் இழுங்கள், பிடிப்பு விடும்.

ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் உள்நீச்சல் போகலாம் என்ற போட்டி வேண்டவே வேண்டாம். அதுவும் வேகவேகமாகப் பலமுறை மூச்சு இழுத்துவிட்டுப் போவது மிக ஆபத்து. அப்படிச் செய்தால் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தவிப்பு தள்ளிப்போகும்; அதற்குள் ஆக்சிஜன் இறங்கி, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நினைவு தப்பும். நன்றாக நீந்துகிறவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள்.

குளத்தில் 25 மீட்டர் போகிறவர் ஆற்றிலும் கடலிலும் அப்படியே போவார் என்று எண்ண வேண்டாம். அங்கே பிடிக்கச் சுவர் கிடையாது, தரை தெரியாது. கடலில் நீரோட்டம் உள்ளே இழுத்தால் அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தி அதைவிட்டு விலகிய பிறகு திரும்ப வேண்டும். முடியாவிட்டால் மிதந்தபடி கையசைத்து உதவி கேளுங்கள்.

நீந்தி முடித்ததும் தலையைச் சாய்த்துக் காது மடலை மெல்ல அசைத்தால் தண்ணீர் வெளியே வரும். பஞ்சுக் குச்சியால் குடையாதீர்கள்; ஈரத்தில் ஊறிய தோல் எளிதில் உரியும், கிருமி புகும். மறுநாள் காது மடலை இழுத்தால் வலிக்கிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள், குணமாகும் வரை தண்ணீரில் இறங்காதீர்கள்.