மேஜிக் நாவலின் முடிச்சை அவிழ்க்காமல் கருத்து எழுதுவது எப்படி?

மேடை மேஜிக்கை வைத்துப் பின்னிய சஸ்பென்ஸ் நாவலைப் பற்றி நாலு வரி எழுத ஆசையா? அதற்கான வேலை, புத்தகம் முடிவதற்குக் கொஞ்சம் முன்பே தொடங்கிவிட வேண்டும்.

கடைசி முப்பது பக்கம் மிச்சம் இருக்கும்போது நான் புத்தகத்தை மூடிவிடுவேன். ஒரு துண்டுச்சீட்டில் என் ஊகத்தை எழுதி அந்தப் பக்கத்திலேயே செருகி வைப்பேன். செய்தது யார், எப்படிச் செய்திருப்பார், எந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் தட்டியது என்று மூன்றே வரி. முடிவு தெரிந்துவிட்டால் மனசு நம்மை நம்ப வைத்துவிடும், 'எனக்கு அப்போதே தெரியும்' என்று. ஒரு நாவலைப் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டதாக நான் உறுதியாக நினைத்துக்கொண்டிருந்தேன். சீட்டை எடுத்துப் பார்த்தால் வேறு ஒருவர் பெயர் இருந்தது. அன்றிலிருந்து சீட்டு இல்லாமல் எந்தத் திருப்பத்தைப் பற்றியும் நான் எழுதுவதில்லை.

அடுத்து, மறுவாசிப்பு. முழுதாகப் படிக்க நேரம் இல்லாவிட்டால் முதல் ஐம்பது பக்கமாவது பென்சிலோடு படியுங்கள். உண்மையான சுவாரசியம் இங்கேதான் இருக்கிறது. பெயர் சொல்லாமல் ஓர் உதாரணம் தருகிறேன். மேஜிக் நிபுணர் தேநீர் குடிக்கும் ஒரு சாதாரணக் காட்சி. முதல் தடவை கண் அதன் மேல் ஓடிப் போய்விட்டது. இரண்டாம் தடவை பென்சில் அங்கேயே நின்றது. மனிதர் கோப்பையை இடது கையால் எடுக்கிறார். முந்தைய அத்தியாயத்தில் வலது கையால் கையெழுத்துப் போட்டவர் அவர். அதே வாக்கியத்தின் பின்பாதியில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். நம் கவனம் கதவுக்கு ஓடுகிறது, கை மறந்துபோகிறது. மேடையில் ஒரு கையை உயர்த்திக் காட்டிவிட்டு மறு கையால் வேலையை முடிப்பார்களே, அதையே இந்த எழுத்தாளர் ஒரு வாக்கியத்துக்குள் செய்திருக்கிறார். இப்படி ஓர் இடம் கிடைத்தால் உங்கள் கருத்துக்கு முதுகெலும்பு கிடைத்துவிட்டது.

பிறகு ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: ஏமாந்தேனா, ஏமாற்றம் அடைந்தேனா? துப்பு எல்லாம் கண்முன்னே கிடந்தும் தவறவிட்டிருந்தால் நீங்கள் ஏமாந்தீர்கள்; அது எழுத்தாளருக்குச் சேர வேண்டிய பாராட்டு. எங்கேயும் சொல்லாத ஒன்றைக் கடைசி அத்தியாயத்தில் கொண்டுவந்து கொட்டியிருந்தால் அது ஏமாற்றம். ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் எழுதினார். வாசகரை முன்கூட்டியே தயார்படுத்தாமல் இரட்டையரையோ ஒரே சாயல் உள்ளவரையோ கொண்டுவரக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. மேஜிக் நாவல்களுக்கு இந்த ஒரு விதி போதும் என்பேன். இரட்டையர் வருவது குற்றமில்லை, தயார்படுத்தாமல் வருவதுதான் குற்றம்.

'இதெல்லாம் நடக்கிற காரியமா, நம்பும்படி இல்லை' என்று எழுதக் கை போகும்போது கொஞ்சம் நிதானியுங்கள். சங் லிங் சூ என்ற சீன மேஜிக் நிபுணராக உலகம் அறிந்தவர் உண்மையில் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர். வருடக்கணக்கில் சீனராகவே வாழ்ந்து, மேடையில் ஆங்கிலம் பேசாமலே இருந்தார். 1918 மார்ச்சில் லண்டனில், பாய்ந்து வரும் துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் வித்தையில் நிஜமாகவே குண்டு பாய்ந்தபோதுதான் பார்வையாளர்கள் அவர் வாயிலிருந்து ஆங்கிலம் கேட்டார்கள். மறுநாள் இறந்துபோனார். 1956-இல் இந்திய மேஜிக் நிபுணர் பி.சி. சர்க்கார் பிபிசி நேரலையில் ஒரு பெண்ணை ரம்பத்தால் இரண்டாக அறுத்துக் காட்டினார். அவள் எழுந்திருப்பதைக் காட்டுவதற்குள் நிகழ்ச்சி சட்டென்று முடிந்துவிட, பார்த்தவர்கள் அவள் செத்தே போய்விட்டாள் என்று பதறித் தொலைபேசியில் அழைத்தார்கள். ஒரு வித்தைக்காக வாழ்க்கையையே வேஷமாக்கிக்கொள்ளும் பாத்திரத்தையோ, வித்தையை நிஜமென்று நம்பிப் பதறும் கூட்டத்தையோ நாவலில் பார்த்து மிகை என்று நினைக்கிறவர்களுக்கு இவர்கள் கதை தெரிந்திருக்க வேண்டும். நம்ப முடியாத சம்பவம் என்பது வேறு, நம்ப வைக்கத் தவறிய எழுத்து என்பது வேறு. குறை சொல்வதாக இருந்தால் இரண்டாவதைச் சொல்லுங்கள்.

இனி எழுதலாம். இங்கே என் மனத்தாங்கல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் ஆசை ஆசையாகப் படிக்கத் தொடங்கிய ஒரு நாவலைப் பற்றி நண்பர் ஒருவர், 'அந்த உதவியாளரை மட்டும் கவனித்துக்கொண்டே வா' என்றார். அவர் எந்த ரகசியத்தையும் சொல்லவில்லை. ஆனால் அந்த உதவியாளர் வரும் பக்கங்களை எல்லாம் அதன் பிறகு என்னால் வெள்ளை மனதோடு படிக்க முடியவில்லை. அந்த வாசிப்பு திரும்பி வராது. இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது. அதனால் தனியாக ஒரு பாத்திரத்தைச் சுட்டாதீர்கள். 'பாவம்' என்று யார் மீதும் இரக்கப்படாதீர்கள். திருப்பங்களின் எண்ணிக்கையையும் சொல்ல வேண்டாம்: 'மூன்று திருப்பம்' என்று படித்தவர் இரண்டு வந்ததும் மூன்றாவதுக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிடுவார். லண்டனில் 1905-இல் தொடங்கிய மேஜிக் சர்க்கிள் என்ற மேஜிக் நிபுணர்கள் சங்கம், ரகசியத்தை வெளியே சொல்லும் உறுப்பினரை நீக்கிவிடும் அளவுக்குக் கண்டிப்பானது. வாசகர்களுக்கு அப்படிச் சங்கம் இல்லை, நாமேதான் காவல்.

அப்படியானால் எதைத்தான் எழுதுவது? நடை, வேகம், மேடைக்குப் பின்னால் இருக்கும் உலகத்தை எவ்வளவு நெருங்கிக் காட்டுகிறார், நடுவில் எங்கே தொய்வு, போட்டியாளர்களின் பகை மனசைத் தொட்டதா என்பதையெல்லாம் தாராளமாக எழுதலாம். திருப்பத்தைப் பற்றி, 'முடித்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனேன், அங்கே எல்லாமே இருந்தது' என்ற அளவுக்குச் சொன்னால் போதும். நேர்மையும் தெரிந்துவிடும், ரகசியமும் பத்திரமாக இருக்கும். குறையிருந்தால் அதையும் இதே முறையில்: 'திரும்பிப் போய்த் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை.'

எழுதி முடித்ததை, நாவலைப் படிக்காத ஒருவரிடம் கொடுத்து, 'யார் மேல் சந்தேகம் வருகிறது?' என்று கேளுங்கள். ஒரு பெயரைச் சொன்னார் என்றால் அந்த வரியைத் தேடிப் பிடித்து அடியுங்கள். புத்தகத்தை அடுத்தவருக்குக் கொடுப்பதாக இருந்தால் பென்சில் கோடுகளை அழித்துவிட்டு, செருகிய சீட்டை மறக்காமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.