உப்பனாற்றுத் தண்ணீர் கரும்புக் கொல்லைக்குப் போன கதை: மூன்று துறைத் தரவுக்கு ஒரே மெட்டாடேட்டா

கடலூர் உப்பனாற்று முகத்துவாரத்தில் மூன்று பேர் தரவு எடுத்தோம். நான் தண்ணீரின் உப்புத்தன்மை, ஒருவர் மீன் இறக்கம், இன்னொருவர் மீனவர் பேட்டி. சேர்க்க உட்கார்ந்தால், ஒரே இடத்துக்கு ஒரு ஷீட்டில் "கடலூர் ஓ.டி.", இன்னொன்றில் "முதுநகர்", மூன்றாவதில் "ஹார்பர்". தரவைப் பற்றிய இந்த விவரங்களுக்குத்தான் மெட்டாடேட்டா என்று பெயர்; அதை எப்படி ஒன்றாக்குவது என்பதுதான் இந்தப் பதிவு. சிஎஸ்வி ஃபைல் திறக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

1. மூன்று ஷீட்டின் தலைப்பு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டுங்கள். யார், எங்கே, எப்போது, எதை, எந்த அலகில்: இவைதான் பொதுவாகத் தேறும். அதற்கு மேல் இழுத்தால் சண்டைதான் வரும்.

2. தலைப்புகளுக்குச் சொந்தமாகப் பெயர் வைக்காதீர்கள். எல்லோரும் பயன்படுத்தும் பொதுவான தலைப்புப் பட்டியல்கள் ஏற்கெனவே இருக்கின்றன: ஃபைலைப் பற்றிய விவரத்துக்கு டப்ளின் கோர் (15 புலங்கள்தான்), உயிரினப் பதிவுக்கு டார்வின் கோர், பேட்டிக்கு டிடிஐ. ஒருவர் "மத்தி", மற்றவர் "சாளை" என்று எழுதியிருந்தார். இரண்டும் வட்டாரப் பெயர் பத்தியில் அப்படியே இருக்கட்டும். இணைப்பதற்கு சார்டினெல்லா லாஞ்சிசெப்ஸ் என்ற அறிவியல் பெயருக்குத் தனிப் பத்தி.

3. நான் வழுக்கி விழுந்த இடம் இது. ஜிபிஎஸ் காட்டியது 11 பாகை 42 நிமிடம், 79 பாகை 46 நிமிடம். நான் 11.42, 79.46 என்று அடித்துவிட்டேன். வரைபடத்தில் போட்டால் என் உப்புத்தண்ணீர் சேத்தியாத்தோப்புக்கு மேற்கே, கரும்புக் கொல்லைப் பக்கம் நிற்கிறது! நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும்: 42/60 = 0.70, 46/60 = 0.767. ஆக 11.70, 79.767. நோட்டில் எழுதியதை அழிக்காதீர்கள். டார்வின் கோரில் அதற்கென்றே "வெர்பாட்டிம் கோஆர்டினேட்ஸ்" என்று ஒரு புலம் இருக்கிறது. டேட்டம் (எந்தப் பூமி மாதிரியை வைத்து இடத்தை அளந்தது என்பது) டபிள்யூஜிஎஸ்84 என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

4. ஊர்ப்பெயர்களை ஒன்றாக்க ஓப்பன்ரிஃபைன் என்ற தரவு சுத்தம் செய்யும் மென்பொருள். எக்செல்லில் ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டுக் கண் வலித்ததுதான் மிச்சம். ஆனால் "ஹார்பர்" முதுநகர்தான் என்று ஓப்பன்ரிஃபைனுக்கும் தெரியாது, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பின்சேர்க்கை: தேதியை விட்டுவிட்டீர்களே என்று இரண்டு பேர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். உண்மைதான். எங்கள் மீன் ஷீட்டில் 05/03/2024 அன்று விசைப்படகு இறக்கம் என்றிருந்தது. என் கணினி அதை மே 3 என்று படித்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எங்கே போயிருக்கும்? அதனால்தான் மாட்டியது, இல்லாவிட்டால் கவனித்திருக்கவே மாட்டேன். ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தேதி முறையில் (ஆண்டு-மாதம்-நாள்) 2024-03-05 என்று எழுதுங்கள். எக்செல்லில் நேராகத் திறக்காமல், இம்போர்ட் செய்யும்போதே தேதிப் பத்தியை டெக்ஸ்ட் என்று குறித்துவிடுங்கள்.