கனடாவுக்கு யார், எப்போது வந்தார்கள்? கணக்கெடுப்பு அட்டவணையை வாசிக்கும் முறை

கனடா புள்ளிவிவரத் துறையின் இணையதளத்தில் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அட்டவணைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிறந்த நாட்டையும் குடியேறிய காலத்தையும் சேர்த்துக் காட்டும் அட்டவணையைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வகுக்கத் தெரிந்தால் போதும்.

படி 1: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.
ரொறன்ரோ மாநகரம் வேறு, ரொறன்ரோ பெருநகரப் பகுதி வேறு. மிசிசாகா, பிரம்டன், மார்க்கம் எல்லாம் இரண்டாவதில்தான் வரும்.

படி 2: காலப் பிரிவுகளைக் கவனியுங்கள்.
1980க்கு முன், 1980–1990, 1991–2000, 2001–2010, 2011–2021 என்று இருக்கும். கடைசிப் பிரிவுக்குக் கீழே 2011–2015, 2016–2021 என்று உடைத்தும் தந்திருப்பார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் அந்த ஆட்களை இருமுறை எண்ணிவிடுவீர்கள்.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். குடியேறிய காலம் என்றால் விமானம் இறங்கிய ஆண்டு அல்ல, நிரந்தர வதிவிட உரிமை முதன்முதலில் கிடைத்த ஆண்டு. 1989இல் வந்து அகதிக் கோரிக்கை வைத்த ஒருவருக்கு 1992இல் அந்த உரிமை கிடைத்திருந்தால், அவர் 1991–2000 பிரிவில்தான் இருப்பார். இலங்கையில் 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பிறகு நம் சனம் பெருமளவில் வரத் தொடங்கியது. 1986இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர்கள் மீட்கப்பட்டார்கள். ஆனால் இலங்கை வரிசையில் கனமாகத் தெரிவது 1990கள். அதை வைத்து, எல்லோரும் அப்போதுதான் ஊரைவிட்டுப் புறப்பட்டார்கள் என்று எழுதினால், காத்திருந்த அத்தனை ஆண்டுகளும் வரலாற்றிலிருந்து காணாமல் போகும். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள்.

மாணவர் விசாவிலோ வேலை அனுமதியிலோ இருப்பவர்கள் தனியாக எண்ணப்படுகிறார்கள்.

படி 3: பிறந்த நாட்டை இனமாக வாசிக்காதீர்கள்.
இலங்கை வரிசையில் சிங்களவரும் முஸ்லிம்களும் உண்டு. தமிழ்நாட்டிலோ மலேசியாவிலோ பிறந்த தமிழர் அதில் இல்லை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பிறந்த பிள்ளைகளும் இல்லை. தமிழரைத் தேடினால் தாய்மொழி அட்டவணைக்குப் போங்கள்.

படி 4: எதன் சதவீதம் என்று முடிவு செய்யுங்கள்.
2016–2021இல் குடியேறிய சுமார் 13 லட்சம் பேரில் 18.6% இந்தியாவில் பிறந்தவர்கள். இது காலத்தின் மொத்தத்தால் வகுத்தது. இந்தியாவில் பிறந்தவர்களில் எத்தனை பேர் அந்தக் காலத்தில் குடியேறினார்கள் என்பது வேறு கேள்வி. அதற்கு இந்திய வரிசையின் மொத்தத்தால் வகுக்க வேண்டும்.

படி 5: இடங்களை ஒப்பிடுங்கள்.
அதே 13 லட்சம் பேரில் 29.5% ரொறன்ரோ பெருநகரப் பகுதியிலும் 12.2% மொன்றியல் பெருநகரப் பகுதியிலும் 11.7% வன்கூவர் பெருநகரப் பகுதியிலும் வசித்தார்கள். கிழக்குக் கரையிலுள்ள அட்லாண்டிக் மாகாணங்களின் பங்கு சிறியதுதான், ஆனால் 2006இல் 1.2% ஆக இருந்தது 2021இல் 3.5% ஆகியிருக்கிறது.

இப்படிப் பின்னோக்கி ஒப்பிடும்போது அந்தந்த ஆண்டின் கணக்கெடுப்பையே எடுங்கள். 1971இல் புதிதாக வந்தவர்களில் 61.6% ஐரோப்பாவில் பிறந்தவர்கள்; 2021இல் அது 10.1%. ஆனால் 2021 அட்டவணையின் ‘1980க்கு முன்’ பிரிவில் இருப்பவர்கள், அன்று வந்தவர்களில் இறந்துபோனவர்களும் நாடு திரும்பியவர்களும் போக மிஞ்சியவர்கள் மட்டுமே.